தரகர் யாருடைய ஆள்?

புதுச்சேரியின் உழவர்கரையில் புது வீடு பார்க்கக் கிளம்புகிறவர்களின் காதில் முதலில் விழுவது, "உங்ககிட்ட கமிஷன் வேணாம் சார், பில்டரே கொடுத்துடுவார்" என்பதுதான். கேட்பவருக்கு அது சலுகையாகப் படுகிறது. நின்று யோசிக்க வேண்டிய இடமே அதுதான். விற்கிறவர் கூலி கொடுக்கும்போது, வாங்குகிறவருக்காக ஒருவர் பேரம் பேசுவாரா?

தரகரே வேண்டாம் என்பதல்ல என் வாதம். ரெட்டியார்பாளையத்திலும் மூலக்குளத்திலும் எந்தத் தெரு மழையில் முழுகும், எந்த பில்டர் சாவி கொடுத்த பிறகும் போனை எடுப்பார் என்பது தரகருக்குத்தான் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. எந்த வாசலில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது எந்தப் பத்திரத்திலும் இருக்காது. காசு கொடுத்து வாங்கத் தகுந்த தகவல் அது. ஆனால் பில்டரின் கமிஷனை எதிர்பார்த்து நிற்பவர் அதைப் பத்திரப்பதிவுக்கு முன் வாய்திறந்து சொல்வார் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை.

சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. ஆனால் வாங்குபவரின் தரகர், விற்பவரின் தரகர் என்று அது பிரிக்கவில்லை. இன்னும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டினாலோ, 8 வீடுகளுக்கு மேற்படாமல் கட்டினாலோ திட்டத்தையே ரெராவில் பதிய வேண்டியதில்லை. ஒற்றை மனையில் எழும்பும் ஆறு வீட்டுக் கட்டடம் இதற்குள் அடங்கிவிடும். அப்படிப் பதியாத திட்டத்தை விற்றுத்தரும் தரகருக்கும் பதிவு கட்டாயமில்லை. சின்ன பில்டரை நம்பிச் சேமிப்பைக் கொட்டும் குடும்பத்துக்கு இரண்டு காவலும் ஒருசேரப் போய்விடுகின்றன.

இந்த ஊர்ப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரீசர்வே எண்ணோடு, பிரெஞ்சு ஆட்சிக்கால நில அளவை எண்ணான கதாஸ்தர் எண்ணும் இருக்கும். பழைய மூலப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கலாம். இரண்டு எண்களும் ஒரே மனையைத்தான் சொல்கின்றனவா, வீட்டோடு சேரும் பிரிபடாத நிலப் பாகம் எத்தனை சதுர அடி, நகர அமைப்புக் குழுமம் அனுமதித்த வரைபடப்படிதான் மாடி எழும்பியதா என்பதையெல்லாம் பார்க்க வழக்கறிஞரும் சிவில் இன்ஜினியரும் வேண்டும். ஒப்பந்தமும் அப்படித்தான். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த, பயோனியர் என்ற பில்டரின் வழக்கில், ஒப்பந்தப்படி வாங்குபவர் தவணை தவறினால் 18 சதவீத வட்டி. பில்டர் தாமதித்தால் 9 சதவீதம்தான். இத்தகைய ஒருதலை ஒப்பந்தம் நியாயமற்ற வணிகம் என்றது நீதிமன்றம். கையெழுத்துக்கு முன்பே இதைச் சுட்டிக்காட்டுபவர்தான் வாங்குபவரின் ஆள்.

கமிஷனை நாமே கொடுத்தால் தீர்ந்துவிடுமா? சதவீதக் கணக்கில் கொடுத்தால் தீராது. 60 லட்சம் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 1,20,000 ரூபாய். பேசிப்பேசி 3 லட்சம் குறைத்துக் கொடுத்தால் தரகர் 6,000 ரூபாய் இழப்பார். நமக்காக உழைக்க உழைக்க அவர் கூலி குறைகிற ஏற்பாடு இது. பிரான்சில் வாங்குபவர் பத்திரத்தை முடித்துத்தர தனக்கென ஒரு நோட்டரியை வைத்துக்கொள்ளலாம். செலவு அதிகமாகாது, அதே கட்டணத்தை இரு நோட்டரிகளும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்கள் வாழும் புதுச்சேரிக்கு இது கேள்விப்படாத ஏற்பாடல்ல. ஆனால் இங்கே அது இல்லாததால் கைக்காசைப் போட்டுத்தான் ஆள் வைக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பில்டர் பணம் தரும் தரகரை வீடு காட்டுபவராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் தொகையை முன்பே முடிவுசெய்து, பில்டரிடம் ஒரு ரூபாயும் வாங்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வையுங்கள். அதற்கு ஒப்பாதவரை விட்டுவிடலாம். பத்திரத்துக்கு வழக்கறிஞர், கட்டடத்துக்கு இன்ஜினியர்: இந்த இரண்டையும் எக்காரணத்தாலும் விடாதீர்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இருவரையும் வரவழையுங்கள்.