சிற்றினமும் பேரினமும்: பென்குவினின் காதலும் திருந்தும் முயற்சியும்

முன்னுரை

தீயோன் திருந்தும் கதைகளில் காதல் பெரும்பாலும் மருந்தாகவே அமையும். அம்மருந்தே நோயை மீளக் கொணரும் நிலையைக் காட்டும் படைப்புகள் சிலவே. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1992 முதல் 1995 வரை 85 பகுதிகளாக வெளிவந்த ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ என்னும் கார்ட்டூன் தொடரின் ‘பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்’ (1993) அத்தகையது. இனம் இனத்தோடு சேரும் என்னும் பொருள்படும் தலைப்பு இது. பென்குவின் திருந்த முயன்று தோற்பதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கின்றது.

கதைப்போக்கு

பென்குவின் 1941இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ இதழில் அறிமுகமான எதிர்நிலைப் பாத்திரம். வால்கோட்டு, உயரத் தொப்பி, குடை என உயர்குடியினர்க்குரிய கோலம் பூண்டும் அக்குடியினர் அவையில் இடம்பெறாமை அவன் படைப்பிலேயே அமைந்த முரணாகும். இக்கதையில் அவன் சிறையினின்று விடுபட்டு நல்வழியில் வாழ விரும்புகிறான். இல்லம் திரும்பும் அவனை எதிர்கொள்பவர் நண்பரல்லர். ஐயத்தோடு காத்திருக்கும் பேட்மேனே. செல்வச் சீமாட்டி வெரோனிகா வ்ரீலாண்டு, தன் விருந்தின் புகழுக்காகக் குற்றவாளி ஒருவனை அழைக்கத் திட்டமிட்டு அவனோடு பழகுகிறாள். அவன் அதனைக் காதலெனக் கொள்கிறான். அவளுக்கும் மெல்ல ஓர் ஈடுபாடு அரும்புகிறது. எனினும் விருந்தன்று உண்மை அவன் செவிக்கு எட்டுகிறது. அவளைக் கடத்திய அவன் மீண்டும் சிறை புகுகிறான்.

நகையின் இருமை

நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்களுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். பென்குவின் உணவுமேசையில் நடந்துகொள்ளும் முறை பார்வையாளரிடம் எழுப்பும் நகை அவனது பேதைமையின்பாற்பட்டது. வெரோனிகாவும் அவள் தோழன் பியர்ஸும் நகைப்பது எள்ளலின்பாற்பட்டது. உண்மை வெளிப்படும் இடத்தில், இதுவரை தானும் அவ்வெள்ளலில் பங்குகொண்டதைப் பார்வையாளர் உணர நேர்கிறது. கதையின் ஆற்றல் இவ்விடத்திலேயே மிகுதியும் புலப்படுகிறது.

திருந்துதலின் அளவுகோல்

பென்குவின் மீது இரக்கம் தோன்றினும் அவன் பிழையற்றவனாகான். தான் இழைத்த தீங்குகளை எண்ணி அவன் வருந்துவதாகக் கதை காட்டவில்லை. உயர்ந்தோர் அவையில் ஏற்கப்படுவதையே அவன் திருந்துதலின் அளவாகக் கொள்கிறான். வெரோனிகாவின் காதல் அவ்வேற்பிற்குரிய சான்றிதழாகிறது. சான்று பொய்யெனத் தெரிந்ததும் அதனைச் சார்ந்த அறமும் சரிகிறது. பிறர் கையில் வைத்த அறம் அவர் கைவிடும் பொழுதில் வீழ்வது இயல்பே.

இதே தொடரின் ‘ஹார்லிஸ் ஹாலிடே’ (1994) ஒப்புநோக்கத்தக்கது. அர்க்காம் மனநலக் காப்பகத்தினின்று விடுவிக்கப்பட்ட ஹார்லி க்வின், உடைக் கடையில் நேர்ந்த சிறு தவறான புரிதலால் அஞ்சி, இதே வெரோனிகாவைக் கடத்துகிறாள். அவளும் மீண்டும் காப்பகம் சேர்கிறாள். ஆயினும் அவள் முயற்சியைப் பேட்மேன் உணர்ந்து, அவள் விரும்பிய உடையைக் கொண்டுவந்து தருகிறான். அங்கே காதல் வாக்குறுதி இல்லை, நம்பிக்கை உண்டு. பென்குவினுக்குக் காதலின் தோற்றம் கிட்டியது. நம்பிக்கை எவரிடமும் கிட்டவில்லை. இரு கதைகளும் தோல்வியில் முடியினும், ஹார்லியின் கதையே திருந்துதற்கான வழியைத் திறந்து வைக்கிறது.

முடிவுரை

திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’, ‘சிற்றினம் சேராமை’ ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சிற்றினம் நீங்கிப் பெரியாரைச் சேர்வதாகவே பென்குவின் எண்ணினான். அவன் சேர்ந்தது செல்வத்தால் பெரியோரை. பண்பால் அவர் சிற்றினமே. மனிதனைப் பொருளாகப் பயன்படுத்துவதில் மாளிகையினரும் குற்றவாளியும் ஓரினம் என்பதைத் தலைப்பு குறிப்பால் உணர்த்துகிறது. காதல் ஒருவனைத் திருத்துமா என்னும் வினாவோடு, அவனை ஏற்கும் சமூகம் அதற்குத் தகுதியுடையதா என்னும் வினாவையும் இச்சிறுபடைப்பு எழுப்புகிறது. சிறுவர் கார்ட்டூன் என்று ஒதுக்காது திறனாய்வுக்குரிய பனுவலாகக் கொள்ளத்தக்க தகுதியை இதுவே இதற்கு அளிக்கிறது எனலாம்.