மாதிரி வினாத்தாள்களும் கணித அறிவும்

கணிதம் ஐயத்துக்கும் திரிபுக்கும் இடங்கொடாத கலை என்பர். அக்கலையைச் சிறுவர்க்குப் பயிற்றும் கருவியே அவ்விரண்டுக்கும் உறைவிடமாதல் இரங்கத்தக்கது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கென நம் நாட்டில் விற்பனையாகும் மாதிரி வினாத்தாள்கள் சிலவற்றின் நிலை இதுவே. அவற்றின் கணித வினாக்களிற் காணப்படும் குறைகள் எவை, அவை யாரை மிகுதியாகத் தாக்குகின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எவரையும் பெயர் சுட்டிப் பழித்தல் நம் கருத்தன்று. ஆதலின் குறைகளின் வகையை விளக்கும் எடுத்துக்காட்டுகளை நாமே அமைத்துக்கொள்வோம்.

முதலாவது, ஒன்றின் மேற்பட்ட விடைகளுக்கு இடந்தரும் வினா. 2, 4, 8 என்னும் தொடரில் அடுத்த எண் யாது? ஒவ்வோர் எண்ணும் முன்னதன் இருமடங்காதலின் 16 என்பது விடைப்பட்டியலின் தீர்ப்பு. ஆயின், முதலில் இரண்டும் பின்னர் நான்கும் கூடியிருத்தலைக் கண்ட சிறுவன், அடுத்து ஆறு கூட்டி 14 என்பானாயின் அவன் நெறியில் வழு யாது? நான்காம் எண்ணையும் தந்து ஐந்தாவதை வினவியிருப்பின் இவ்விரு விதிகளுக்கு இடைப்பட்ட ஐயம் நீங்கியிருக்கும்.

இரண்டாவது, நிபந்தனை கூறாத வினா. 30 மீற்றர் நீளமான பாதையின் ஓரத்தில் 5 மீற்றர் இடைவெளியில் நடத்தக்க நிழல் மரங்கள் எத்தனை? 30ஐ 5ஆல் வகுத்து 6 என்று பட்டியல் கூறும். இரு முனைகளிலும் மரம் நடின் 7 வேண்டும். ஒரு முனையை விடின் 6. இரண்டையும் விடின் 5. மரம் நடுவதைக் கண்ணாற் கண்ட தோட்டத்துச் சிறுவன் 7 என்று எழுதக்கூடும். அவன் கண்டறிந்த உண்மைக்குக் கிடைப்பது சிவப்பு மையாலிட்ட பிழைக்குறி.

மூன்றாவது, மொழியால் நேரும் குறை. ஒருத்தி 6 கிலோ கொழுந்து பறித்தாள். மற்றவள் அதனிலும் மூன்று மடங்கு அதிகமாகப் பறித்தாள் என்றால், இரண்டாமவள் பறித்தது 18 கிலோவா, 24 கிலோவா? 'முதலாமவளின் மும்மடங்கு' என்று எழுதியிருப்பின் மயக்கமில்லை. பிறமொழியில் ஆக்கிய வினாவைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்குமிடத்து இக்குறை எளிதில் நுழையும்.

வினா ஆக்குவோர் மனிதர்தாமே, சிறு பிழை பொறுக்கத்தக்கதன்றோ எனச் சிலர் வினவலாம். தேர்ந்தோரும் பிழைப்பர் என்பது மெய்யே. ஐக்கிய அமெரிக்காவில் 1982 ஆம் ஆண்டு மே மாதம் நடைபெற்ற எஸ்.ஏ.ரி. பரீட்சையில், ஒரு வட்டத்தின் ஆரையில் மூன்றிலொரு பங்கு ஆரையுடைய சிறு வட்டம் பெரியதன் வெளிவிளிம்பைச் சுற்றி உருண்டு புறப்பட்ட இடத்தை அடைவதற்குள் எத்தனை முறை சுழலும் என்று வினவப்பட்டது. ஆக்கியோர் கருதிய விடை 3. உண்மை விடை 4. அது தரப்பட்ட ஐந்து விடைகளுள் ஒன்றாகவும் இல்லை. சமமான இரு நாணயங்களை எடுத்து, ஒன்றை மற்றொன்றின் விளிம்பிற் சுற்றி உருட்டிப் பார்ப்போர், அது ஒருமுறையன்றி இருமுறை சுழல்வதைக் கண்டு இதன் காரணத்தை உணர்வர். ஏறத்தாழ 300,000 பேர் தோற்றிய அப்பரீட்சையின் பிழையை எழுதி அறிவித்த மாணவர் மூவரே. அவர்தம் முறையீட்டால் அவ்வினா நீக்கப்பட்டுப் புள்ளிகள் மீளக் கணிக்கப்பட்டன.

நம் நாட்டிலும் 2024 செப்டெம்பர் 15 இல் நடைபெற்ற புலமைப்பரிசிற் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்னரே வெளியானமை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. தோற்றிய பிள்ளைகள் யாவருக்கும் அம்மூன்று வினாக்களுக்குரிய புள்ளிகளை வழங்குமாறு அவ்வாண்டு டிசெம்பர் 31 இல் தீர்ப்பாயிற்று. அக்குறை வேறுவகையினது, ஆயினும் பரீட்சையில் தவறு நேரின் முறையிட ஓர் இடமுண்டு என்பதை அது காட்டுகின்றது. மாதிரி வினாத்தாளுக்கோ அத்தகைய மன்றம் எதுவுமில்லை. அதன் கடைசிப் பக்கத்து விடைப்பட்டியலே சட்டமும் தீர்ப்புமாய் நிற்கின்றது.

இதனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவில் துன்புறுவதில்லை. நகரத்துப் பிள்ளை பிரத்தியேக வகுப்பு ஆசிரியரிடமோ படித்த பெற்றோரிடமோ ஐயந் தீர்த்துக்கொள்ளும். கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தவை எண்ணிப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 இல் மண்சரிவு லயன் வீடுகளைப் புதைத்தபோதே நாட்டின் பெரும்பாலோர் அப்பெயரைக் கேள்வியுற்றனர். அத்தகைய ஊவாத் தோட்டங்களில், விடியலில் மலையேறும் தாய்க்குப் பிள்ளையின் கணக்கைச் சரிபார்க்கப் பொழுது ஏது? வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் சிறந்த பாடசாலையில் இடமும் பெறுதற்கு வாயில் இப்பரீட்சையே. அதனைத் திறக்கவென்று கூலியில் மிச்சம்பிடித்து வாங்கிய வினாத்தாள் பிழையாயின், இழப்பு பணத்தோடு நில்லாது. சரியாகச் சிந்தித்த பிள்ளை தன் சிந்தனையையே ஐயுறக் கற்றுக்கொள்ளும். ஏன் என்று கேட்பதை விடுத்துப் பட்டியலுக்கு இணங்கப் பழகும். ஒரு புள்ளி குறைவதினும் இது பெருங்கேடு.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. வினாத்தாளை அச்சிடுவோர், ஆக்கியவரல்லாத இருவரைக்கொண்டு விடைப்பட்டியலைப் பாராமலே அதனைச் செய்வித்தல் வேண்டும். அவ்விருவர் விடையும் மாறுபடுமிடத்து வினாவைத் திருத்துதல் வேண்டும். விடையோடு அதன் நெறியையும் அச்சிடுதல் நன்று. ஆசிரியர், பட்டியலோடு முரணும் விடைக்குப் பிழைக்குறி இடுமுன், "எவ்வாறு இவ்விடையைப் பெற்றாய்?" என்று ஒருமுறை வினவுதல் வேண்டும். நம் கல்லூரியிற் கணிதம் பயிலும் மாணவரும், பழைய மாணவரும், மலையகத்துப் பள்ளிகளிற் புழங்கும் வினாத்தாள்களைப் பெற்று விடுமுறையிற் சரிபார்த்துத் திருத்தப் பட்டியலொன்றை அப்பள்ளிகளுக்கு அனுப்புவாராயின், அது சில மாலைப்பொழுதுகளில் முடியத்தக்க தொண்டே. வரும் ஆண்டுப் பரீட்சைக்கு முன் அதனைத் தொடங்குதல் தகும்.