நெஞ்சுக்குள் ஒரு ஒட்டுண்ணி: வேற்றுக்கிரகக் காதலும் சம்மதமும்

ரொமான்ஸ் நாவல் படிக்கிறவர்களைக் கேலி செய்வது சுலபம். அதிலும் நீலத்தோல், கொம்பு, வால் எல்லாம் உள்ள ஏழடி ஆள் பூமியிலிருந்து வந்த பெண்ணைக் காதலிக்கிறான் என்றால் கேட்கவே வேண்டாம், அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். சரி, உள்ளே என்னதான் இருக்குன்னு பார்ப்போம் என்று ரூபி டிக்சனின் 'ஐஸ் பிளானட் பார்பேரியன்ஸ்' வரிசையில் முதல் இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். 2015-ல் ஆசிரியரே மின்நூலாக வெளியிட்டது. டிக்டாக் வாசகர்கள் தூக்கிப்பிடித்த பிறகு 2021-ல் பெர்க்லி பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தது.

கதை இதுதான். வேற்றுக்கிரகக் கும்பல் ஒன்று பூமியிலிருந்து பெண்களைக் கடத்துகிறது. கப்பலில் கோளாறு வர, பெண்கள் ஒரு பனிக்கிரகத்தில் விழுகிறார்கள். அங்கே உயிர் வாழ 'குய்' என்ற ஒட்டுண்ணியை உடம்புக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சில நாளில் சாவு. குய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. பிள்ளை பெறப் பொருத்தமான துணை எதிரே வந்தால் நெஞ்சுக்குள் அதிரத் தொடங்கும். அந்த அதிர்வை இழுத்தடிக்கலாம், நிறுத்த முடியாது.

இது வெறும் ஆசைக் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. எந்தக் காதல் கதையிலும் நாயகியைக் குடையும் கேள்வி, 'இவன் சொல்வது நிஜமா, நாளைக்கு மாறிவிடுவானா?' என்பது. டிக்சன் அந்தச் சந்தேகத்தை ஒரே அடியில் தீர்த்துவிடுகிறார். ஆண் வாயால் சொல்வதை அவன் உடம்பே சாட்சியாக நின்று சொல்கிறது. வாசகிக்குக் கிடைக்கும் நிம்மதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொம்பும் வாலும் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் அந்த நிம்மதிக்கு விலை உண்டு. முதல் நாவலில் வெக்டலுக்கு ஜார்ஜியைக் கண்டதுமே குய் அதிர்கிறது. அதோடு எல்லாம் முடிவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறான். அவள் சரியாகக் கண் விழிக்கும் முன்பே அவளைத் தொடத் தொடங்குகிறான். நாவல் இதை இனிப்பு தடவிக் கடந்துபோகிறது. ஒரு சாமர்த்தியமும் செய்கிறது: ஜார்ஜி அவனை விரும்பத் தொடங்கும்போது அவள் உடம்பில் குய் கிடையாது. அதனால் அவள் ஆசை அவளுடையதே என்று நம்மால் சொல்ல முடிகிறது.

இரண்டாவது நாவலான 'பார்பேரியன் ஏலியன்' அந்தத் தப்பிக்கும் வழியை அடைத்துவிடுகிறது. லிஸ்ஸை ராஹோஷ் தூக்கிக்கொண்டே போய்விடுகிறான். அவளுக்குள்ளும் குய் அதிர்கிறது. "நான் எங்கே தேர்ந்தெடுத்தேன்?" என்ற கோபம் அவளுக்கு. வில் பிடித்து வேட்டையாடத் தெரிந்த பெண், சும்மா அடங்கிப் போகவில்லை. கடைசியில், அவளைக் கடத்தியதற்காக ராஹோஷை நாடு கடத்தும்போது அவள் அவனோடு கிளம்புகிறாள். குய் அவளைப் படுக்கை வரை இழுத்திருக்கலாம், ஆனால் பனிக்காட்டில் அவனோடு தண்டனையைப் பங்கு போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. அவளே எடுத்த முடிவு அது. வரிசையின் உண்மையான காதல் கதை எனக்கு இதுதான்.

இதே கருவை ஆக்டேவியா பட்லர் 1987-ல் 'டான்' நாவலில் எழுதிவிட்டார். அணுப்போரில் எஞ்சிய மனிதர்களை ஓவன்காலிகள் காப்பாற்றுகிறார்கள். அதற்கு விலை, மரபணுக் கலப்பு. உடம்பு ஒன்று சொல்கிறது, வாய் வேறு சொல்கிறது என்றால் நிகான்ஜ் உடம்பைத்தான் நம்பும். கடைசியில் லிலித்தைக் கேட்காமலேயே அவளைக் கர்ப்பமாக்கிவிட்டு, அவள் மனம் தயாராகத்தான் இருந்தது என்கிறது. டிக்சனிடம் உறுதிமொழியாக இருப்பது பட்லரிடம் திகிலாக மாறுகிறது. லிலித்துக்கு நிகான்ஜ் மேல் பாசமும் உண்டு. படிக்கும்போது நமக்கு மூச்சு முட்டுவது அதனால்தான்.

டிக்சனைப் பட்லரை வைத்து அடிக்க இதைச் சொல்லவில்லை. ஒருத்தி என்ன விரும்புகிறாள் என்பதை அவள் சொல்வதற்கு முன்பே இன்னொருவர் தெரிந்துவைத்திருப்பது வரமா, ஆபத்தா? இரண்டு பேரும் இதே கேள்வியைத்தான் தொடுகிறார்கள். முதல் நாவலோடு நிறுத்தினால் அந்தக் கேள்வி கண்ணில் படாமலே போய்விடும். லிஸ் கதையையும் படியுங்கள், அந்தச் சூட்டோடு 'டான்' எடுங்கள். அப்புறம் அந்த அட்டையைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றுகிறதா என்று சொல்லுங்கள்.