மண்ணால் எழுதிய சாட்சியம்

ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியம் என்றால் புள்ளிக்கோலம் என்றே பலர் எண்ணுகிறார்கள். வெள்ளையர் எழுதிய வரலாற்றைத் திருப்பிக் கேள்வி கேட்கும் ஓவிய மரபும் அங்கே உண்டு.

அதில் நகரக் கிளை ஒன்று. 1770இல் கேப்டன் குக் கிழக்குக் கரையை ஆங்கில மன்னருக்கு உரியதாக அறிவித்த காட்சியைப் போற்றும் பழைய அச்சுப்படத்தை, 1991இல் கார்டன் பென்னட் மறுபடி வரைந்தார். குக் கூட்டத்தின்மேல் கோடுகளும் சிதறல்களும் விழுகின்றன. தட்டேந்தி நிற்கும் கறுப்பு ஏவலாள் மட்டும் தெளிவாகக் கண்ணில் நிற்கிறார். டேனியல் பாய்டு 2006இல் குக்கின் ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் மூடிக் கடற்கொள்ளையராக்கினார். மூலப்படம் தெரிந்தவருக்கே இவற்றின் வலிமை முழுதும் எட்டும்.

ஆனால் என் மனம் தங்குவது ஆஸ்திரேலியாவின் வடமேற்கிலுள்ள கிழக்குக் கிம்பர்லியில். 1974இல் ட்ரேசி புயல் டார்வின் நகரை அழித்தது. அந்நாட்களில் இறந்த உறவுப்பெண்ணின் ஆவி கனவில் வந்து அப்பகுதி ஓவியர் ரோவர் தாமஸுக்குப் பாட்டும் ஆட்டமும் கொடுத்தது. அந்தக் 'குரிர் குரிர்' ஆட்டத்தில் தோளில் சுமந்த ஓவியப் பலகைகளே, அங்குள்ள வார்முன் ஊரின் ஓவிய மரபுக்குத் தொடக்கம். 1990இல் வெனிஸ் கண்காட்சிக்கு ஆஸ்திரேலியாவின் சார்பில் சென்ற இருவரில் ரோவர் தாமஸும் ஒருவர்.

அதே பகுதியின் பெட்ஃபோர்டு டவுன்ஸ் மாட்டுப் பண்ணையில் நடந்ததை மூத்தோர் இப்படிச் சொல்லிவந்தார்கள்: மாட்டைக் கொன்றதற்காகப் பிடிபட்ட பழங்குடியினரை வெள்ளையர்கள் விறகு வெட்டவைத்து, உணவில் ஸ்ட்ரிக்னைன் கலந்து கொடுத்தார்கள். நம் எட்டிக்கொட்டையில் உள்ள அதே நஞ்சு. பிறகு அவர்கள் வெட்டிய விறகிலேயே அவர்களை எரித்தார்கள். வார்முன் ஓவியர்கள் இதை வரைந்த படங்களில் பிணமோ நெருப்போ தேட வேண்டாம். காவிமண்ணும் கரியும் பூசிய பரப்புகள், அவற்றின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வரிசை. மேலிருந்து பார்த்த நிலம், அவ்வளவுதான். அந்த அமைதியின் முன்னால் நகரத்துக் கேலி எனக்குச் சிறிதாகவே படுகிறது.

இங்கே தரம் கைத்திறனோடு முடிவதில்லை. அந்த இடத்தின் கதையைச் சொல்ல வரைபவருக்கு உறவுவழி உரிமை வேண்டும். வண்ணமும் அந்த மண்ணிலிருந்தே வர வேண்டும்.

அதே வார்முன் மரபின் குவீனி மெக்கன்ஸி, கிழக்குக் கிம்பர்லியில் நடந்த இன்னொரு படுகொலையை வரைந்த 'மிஸ்டேக் க்ரீக் படுகொலை' ஓவியத்தை ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம் 2005இல் வாங்கியது. அந்தப் படுகொலை எப்படி நடந்தது என்ற வரலாற்றுச் சர்ச்சையால், தன் சேகரிப்பில் அதை முறைப்படி சேர்க்க 2020வரை காத்திருந்தது. குவீனி 1998லேயே இறந்துவிட்டார்.