துணைப்பாடத் தெரிவும் இலக்கிய நோக்கும்: மாத்தளையை முன்வைத்துச் சில சிந்தனைகள்

பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கப் புகும் மாணவர், அதனோடு சேர்த்துக் கற்கவேண்டிய துணைப்பாடம் எதுவெனத் தீர்மானிக்கும் வேளையில் பெரும்பாலும் மூன்று அளவுகோல்களையே கைக்கொள்கின்றனர். எப்பாடத்தில் எளிதாகப் புள்ளி பெறலாம். எப்பாடத்துக்குப் பழைய குறிப்புகள் கைவசம் உள்ளன. எப்பாடம் ஆசிரியர் நியமனத்துக்கு உதவும் என்பனவே அவை. இவ்வளவுகோல்களை இகழ்தல் தகாது. தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்து சேரும் ஒருவருக்குத் தொழில் என்பது குடும்பத்தின் எதிர்காலமாகும். ஆயினும், துணைப்பாடத் தெரிவென்பது நேரசூசியில் உள்ள வெற்றிடத்தை நிரப்பும் காரியம் மாத்திரமன்று. இலக்கியத்தை எந்த வெளிச்சத்தில் வைத்து வாசிப்பது என்னும் திறனாய்வு வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. ஏறத்தாழ 1500 முதல் 1800 வரையிலான காலப்பகுதியை வரலாற்றாசிரியர் இன்று 'தொடக்க நவீன காலம்' என வழங்குவர். அக்காலத்தின் வரலாற்றை இலக்கியத்தோடு இணைத்துக் கற்பதனால் விளையக்கூடிய பயனை, மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு நோக்கலாம்.

தமிழிலக்கிய வரலாற்றை எழுதியோர் இக்காலப்பகுதியை நடத்தியுள்ள முறை முதலில் கவனிக்கத்தக்கது. வி. செல்வநாயகம் 1951இல் வெளியிட்ட 'தமிழ் இலக்கிய வரலாறு' பல தலைமுறை மாணவருக்கு வழிகாட்டிய நூல். அரசியல், சமுதாய நிலைகளோடு இலக்கியத்தைப் பொருத்திக் காட்டியமை அந்நூலின் தனிச்சிறப்பு. ஆனால், அதனைப் பரீட்சைக்காகச் சுருக்கிக் கொண்ட பின்வந்தோர் கையில், நாயக்கர் காலமும் ஐரோப்பியர் காலமும் வெறும் பெயர்ப்பட்டியலாகக் குறுகிவிட்டன. பள்ளு, குறவஞ்சி, நொண்டி நாடகம் என அடுக்கி, 'இது இலக்கிய வீழ்ச்சிக் காலம்' என ஒரு வசனத்தில் தீர்ப்புக் கூறி அடுத்த வினாவுக்குச் செல்வது வழக்கமாயிற்று.

இத்தீர்ப்பு எத்துணைப் பொருத்தமானது? 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியதும், உமறுப்புலவர் 'சீறாப்புராணம்' பாடியதும், புதுச்சேரியிலே ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதியதும், மயில்வாகனப் புலவர் 'யாழ்ப்பாண வைபவமாலை'யைத் தொகுத்ததும் இக்காலத்திலேதான். அச்சு, நாட்குறிப்பு, உரைநடை வரலாறு ஆகிய மூன்றும் பின்னாளைய நவீனத்துவத்தின் தூண்கள் எனப்படுவன. அவை தோன்றிய காலத்தை வீழ்ச்சிக் காலமென ஒதுக்குவது, வித்து முளைத்த பருவத்தைப் பஞ்சகாலம் என்பதற்கு ஒப்பாகும். வெல்சேரு நாராயண ராவ், டேவிட் சுல்மன், சஞ்சய் சுப்பிரமணியம் ஆகிய மூவர் நாயக்கர் காலத் தமிழகத்தைப் பற்றி 1992இல் வெளியிட்ட கூட்டாய்வு இங்கு நினைக்கத்தக்கது. இருவர் இலக்கியத் துறையினர். ஒருவர் பொருளாதார வரலாற்றாசிரியர். தனித்தனித் துறையினருக்குப் புலப்படாதன துறைகள் கூடிய இடத்திற் புலனாயின.

இது ஈழத்துக்குப் புதியதொரு நெறியன்று. சு. வித்தியானந்தனின் 'தமிழர் சால்பு' இலக்கியத்தையும் பண்பாட்டு வரலாற்றையும் ஒருங்கே கொண்டது. க. கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்புநோக்கினார். கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகத்தை ஆராய்கையில் சமூக வரலாற்றையும் மானிடவியலையும் துணைக்கழைத்தார். இலக்கியத்துக்கு அயலதாகக் கருதப்பட்ட ஒரு கல்வியே இவர்களுக்கு இலக்கியத்தின் கதவைத் திறந்தது. எனினும், இம்முன்னோடிகளின் ஒளி பண்டைக்காலத்திலும் 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளிலுமே பெரிதும் விழுந்தது. இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளும் மங்கலாகவே எஞ்சின.

அந்த மங்கலினால் எவருக்கு இழப்பு என்னும் வினா எழுமிடத்து, மாத்தளை நினைவுக்கு வருகின்றது. மாத்தளையிலிருந்து வரும் தமிழ் மாணவருக்குச் சொல்லப்படும் வரலாறு கோப்பித் தோட்டத்தோடு தொடங்குகின்றது. அதற்கு முற்பட்ட மாத்தளை, அவர்தம் பாடநூல்களிலே அலுவிகாரையோடும் நாலந்தா கெடிகேயோடும் நின்றுவிடுகின்றது. பண்டைய பௌத்த மாத்தளைக்கும் 19ஆம் நூற்றாண்டின் தோட்ட மாத்தளைக்கும் நடுவே யாதொன்றும் நிகழாதது போன்ற தோற்றம் உண்டாகின்றது.

உண்மையில் அந்த இடைக்காலமே மிகச் செறிவானது. கண்டி இராச்சியத்தின் முக்கிய திசாவனிகளுள் மாத்தளையும் ஒன்று. கலேவெலைப் பக்கத்து வாஹாகோட்டைக் கிராமத்தின் கத்தோலிக்கர், கண்டி மன்னனால் குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தோர் என்பது மரபு. தம்புள்ளைக் குகை விகாரையின் ஓவியங்களிற் பெரும்பகுதி, 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்துத் திருப்பணியோடு தொடர்புடையது. அம்மன்னனின் சிலையும் அங்கு நிற்கின்றது. மதுரை நாயக்கர் உறவுவழி வந்த அவன், 1753இல் சீயத்திலிருந்து துறவிகளை வரவழைத்து உபசம்பதையை மீட்டெடுத்தவன். 1760இல் தன் பிரதானிகள் சிலரதும் துறவிகள் சிலரதும் சதிக்கு இலக்கானவனும் அவனே. போர்த்துக்கேயர் வழித்தோன்றல்களும், தென்னிந்திய மன்னனும், சிங்களப் பௌத்த ஓவியமும் ஒரே மாவட்டத்தில் கூடியிருந்த காலத்தை வெற்றிடமெனக் கொள்வது எங்ஙனம்?

இலக்கிய மாணவருக்கு இவ்விடத்திலே நியாயமானதொரு ஐயம் எழலாம். இவையெல்லாம் வரலாற்றுச் செய்திகள். கவிதையை வாசிப்பதற்கு இவை எவ்வாறு உதவும் என்பதே அது. கண்டி இராச்சியத்தின் இறுதிக்காலத்து இரு சிங்களப் போர்ப்பாடல்களை அருகருகே வைத்து நோக்கினால் விடை கிடைக்கும். 'இங்கிரிசி ஹடன' 1803ஆம் ஆண்டுப் போரைப் பாடுவது. கண்டியைக் கைப்பற்ற முயன்ற ஆங்கிலேயரை முறியடித்த வீரனாக ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதிலே போற்றப்படுகின்றான். 'வடிக ஹடன' அவன் வீழ்ச்சிக்குப் பின் எழுந்தது. அதே மன்னன் அதிலே கொடியவனாகவும் அயலானாகவும் சித்திரிக்கப்படுகின்றான். அனுதாபம் எஹெலப்பொலையின் பக்கம் சாய்கின்றது. தலைவன் ஒருவன், இலக்கிய வகை ஒன்று, இடைப்பட்டவை சில ஆண்டுகளே; ஆயினும் பாத்திரம் தலைகீழாகின்றது. பாட்டை மாத்திரம் அறிந்தவர் இதனைப் புலவர்களின் மனவேறுபாடு என்பர். வரலாற்றை மாத்திரம் அறிந்தவர் இரண்டையும் பிரசாரமெனத் தள்ளுவர். புரவலர் மாறும்போது ஓர் இலக்கிய வகையின் புகழ்ச்சி மரபு எங்ஙனம் இகழ்ச்சிக் கருவியாகின்றது என்பதைக் காண இரு கண்களும் வேண்டும்.

'வடிக' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ் இலக்கியத்தில் வடுகர் என வழங்குவது அதற்கு உறவான பெயர். அதே மக்களை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் 'மலபார்' என்றனர். தமிழ் எழுத்தாளர் பலர் கண்டியின் கடைசி மன்னனைத் 'தமிழ் மன்னன்' எனப் பெருமிதத்தோடு குறிப்பர். தெலுங்கு மரபினராகி, தமிழோடு பழகி, சிங்கள அரசவையில் முடிசூடி, பௌத்தத்தைப் புரந்த ஒரு குலத்தை இச்சொற்களுள் எதுவும் முழுமையாக அடக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் அதனை வழங்கியோரின் தேவையையே காட்டுகின்றது. பெயரிடுதலின் அரசியலை உணர்ந்து வாசிக்கும் பயிற்சியைத் தொடக்க நவீன காலக் கல்வி அளிக்கின்றது.

இச்சொல் ஏட்டோடு நின்றிருந்தால் இவ்வளவு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம், மன்னனின் உறவினரை எதிரிகளெனப் பிரகடனம் செய்தது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் கண்டி மாகாணங்களுக்குத் திரும்புவதையும் தடைசெய்தது. மாத்தளைத் திசாவையாகவிருந்த ரத்வத்தையும் கைச்சாத்திட்டோருள் ஒருவர். அந்த ஒப்பந்தத்திலேயே பிரதானிகள் சிலரின் கையொப்பங்கள் தமிழெழுத்துக் கலந்து அமைந்துள்ளமை, அக்கால அரசவையின் மொழிநிலையைக் காட்டும் சான்றாகும். மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். ஆனால் அவன் இறப்பதற்கு முன்னரே, 1820களில், கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா ஊடாக மாத்தளைக்கு வந்த வடபாதையிலே தென்னிந்தியத் தொழிலாளர் நடந்து வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். ஆங்கில ஆவணங்கள் இவர்களையும் 'மலபார்' என்றே குறித்தன. ஒப்பந்தத்தினால் எப்பெயருக்குக் கதவு அடைக்கப்பட்டதோ, உழைப்புக்காக அதே பெயருக்கே கதவு திறக்கப்பட்டது. உறவினராகத் தங்குவதற்கு உரிமையற்ற பெயர், கூலியாக வருவதற்கு உரியதாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை இப்பின்னணியில் வைத்து நோக்குவோருக்கு, உடையவர், அயலவர் என்னும் பாகுபாடு திடீரென முளைத்ததன்று என்பது தெளிவாகும்.

மலையக இலக்கியத்தை வாசிக்கும் முறையும் இதனால் மாறுகின்றது. 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' தோட்டத்துறை பற்றி அச்சில் வந்த தொடக்க நூல்களுள் ஒன்று. அதனைப் பெரும்பாலோர் தகவற் களஞ்சியமாகவே நோக்குவர். ஆனால் முந்திய நூற்றாண்டுகளின் பள்ளு நூல்களைக் கற்றவருக்கு அதில் வேறொரு வினா எழும். பண்ணைக்காரன், பள்ளன், விதைவகை, மாட்டுவகை என உழவுத் தொழிலையும் அதன் அதிகார அடுக்கையும் பாட்டிற் படிநிலையாக அமைத்த மரபு, துரை, கங்காணி, கோப்பிக்கன்று என்னும் புதிய உலகைச் சந்திக்கையில் யாது நேர்கின்றது? பள்ளிலே உழைப்பவன் நிலத்தோடு பிணைக்கப்பட்டவன். தோட்டத்திலே அவன் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவன். பழைய பாவடிவம் புதிய உழைப்பு முறையை ஏற்கும்போது எதைச் சொல்ல முடிகின்றது, எதைச் சொல்லாது விடுகின்றது என்பதே திறனாய்வின் வினா. மாத்தளை வடிவேலன், மலரன்பன், மாத்தளை சோமு முதலியோரின் புனைகதைகளை மதிப்பிடுகையிலும், அவை எம்மரபை உதறின, எம்மரபைத் தொடர்ந்தன என்பதை அறிய இம்முன்வரலாறு தேவைப்படுகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். நாயக்கர் அரசவையையும் தோட்டத் தொழிலாளரையும் ஒரே குலக்கொடியிற் கோத்து, 'ஆண்ட பரம்பரை' எனப் பெருமை பேசுவதற்கு இக்கல்வி உதவாது, உதவவும் கூடாது. அவ்விரு சமூகங்களும் வெவ்வேறானவை. சமூகமொன்றின் உரிமைக்கு அரச பரம்பரை ஆதாரமாக வேண்டியதில்லை. அதன் உழைப்பும் வாழ்வுமே போதிய ஆதாரம். 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியின்போது தம்புள்ளையிலே முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டா, பழைய அரச மரபுக்கு உரிமை கோரினார். மக்களின் உண்மையான குறை, புதிய வரிகளைப் பற்றியது. அதனை வெளியிட அவர்களுக்குக் கிடைத்த மொழி, பழைய முடியின் மொழி. குறையையும் மொழியையும் பிரித்தறியக் கற்பதே வரலாற்றுணர்வு.

இத்தெரிவுக்குத் தடைகளும் உள. சிங்களம் தெரியாது ஹடன்களை வாசித்தல் இயலாது. போர்த்துக்கேய, ஒல்லாந்த ஆவணங்களை அணுகப் பிறமொழிப் பயிற்சி வேண்டும். தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் ஒரே கட்டடத்தில் அமைந்திருப்பினும் தத்தம் வாயில்களால் மாத்திரமே போக்குவரவு செய்யும் நிலையும் உண்டு. புள்ளிகளுக்காக இலகுவான பாடத்தைத் தேடும் மாணவர் இப்பாதையிற் சிரமப்படுவர் என்பதும் மெய்யே. ஆயினும் மாத்தளையிலே பிறந்து வளர்ந்த மாணவருக்கு ஒரு வாய்ப்பு இயல்பாகவே உண்டு. சந்தையிலும் பேருந்திலும் சிங்களம் அவர் செவியில் விழுகின்றது. அடிப்படைப் பேச்சைப் பலர் அறிவர். வாழ்க்கைத் தேவைக்காகக் கற்ற அம்மொழியை ஆய்வுக் கருவியாக்கிக்கொள்வது, ஏனைய பிரதேசத்து மாணவருக்கு அத்துணை எளிதன்று. குறையென எண்ணப்பட்ட பிறப்பிடம் இங்கு தகைமையாகின்றது. இருமொழி ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டப்படும் நாட்டில், இத்தகைமை தொழிலுக்கும் பகையன்று.

துணைப்பாடம் என்னும் பெயரிலே 'துணை' என்னும் சொல் உள்ளது. துணை எனப்படுவது பின்னால் வருவது மட்டுமன்று; இருளில் உடன் வருவதுமாகும். தமிழிலக்கிய வரலாற்றில் மூன்று நூற்றாண்டுகள் போதிய வெளிச்சமின்றிக் கிடக்கின்றன. அவற்றின் வழியே செல்லத் துணியும் மாணவருக்கு வரலாறு அத்தகைய துணையாக அமையக்கூடும். தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, மன்னனின் சிலை நிற்கும் குன்றும் தொழிலாளர் நடந்து வந்த வழித்தடமும் அருகருகே உள்ளன. ஒன்றைக் கலை வரலாறென்றும் மற்றையதைத் தோட்ட வரலாறென்றும் பிரித்துப் படித்தது பாடத்திட்டம். தெரு அவற்றைப் பிரிக்கவில்லை. அத்தெருவின் வழியே பல்கலைக்கழகத்துக்கு வருவோர் இரண்டையும் சேர்த்து வாசிப்பாராயின், ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு நெடுநாளாக நிரப்பாது விட்ட ஓர் இடைவெளி நிரம்பத் தொடங்கும்.