டவல் ரெயிலில் துரு: எது வேலை செய்கிறது, எது கெடுக்கிறது?

பிரிட்டன் வீடுகளில் குளியலறைச் சுவரில் ஏணி போல நிற்கும் டவல் ரெயிலுக்கு இரட்டை வேலை. துண்டைக் காயவைக்க வேண்டும். அறையையும் சூடாக்க வேண்டும். உள்ளே பாய்லரின் வெந்நீர் ஓடுகிறது. வெளியே ஷவர் நீராவியும் ஈரத் துண்டும். நாளாக நாளாகக் குறுக்குக் கம்பிகளின் அடிப்பக்கத்தில் செம்புள்ளிகள் தலைகாட்டும்.

பளபளப்பெல்லாம் மேல்பூச்சுதான். பெரும்பாலான ரெயில்களில் உள்ளே இருப்பது சாதாரண எஃகுக் குழாய். அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் பொதுவாக ஒரு மைக்ரான்கூட இல்லாத குரோமியப் படலம். அதிலுள்ள நுண்துளை வழியாக ஈரம் எஃகைத் தொட்டுவிட்டால் துரு வெளியே கசியும்.

இதற்குக் கைகொடுக்கும் பொருள்களில் மலிவானதே முதலிடம் பிடிக்கிறது: சமையலறை அலுமினியத் தாள். ரெயிலை அணைத்து ஆறவிட்டு, உள்ளங்கையளவு தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். சற்று நேரத்தில் சாம்பல் நிறக் குழம்பு கிளம்பும்; துணியால் துடைத்தால் அடியில் குரோம் மின்னும். மோஸ் அளவில் குரோமியத்தின் கடினம் 8.5, அலுமினியம் 3-ஐக்கூடத் தொடாது. அதனால் கீறல் பயம் குறைவு. ஆனால் புள்ளி இருந்த இடத்தில் விரலை ஓட்டினால் ஊசிமுனைக் குழிகள் தட்டுப்படும். அவற்றைத் தாளால் மூட முடியாது. கருப்பு அல்லது வெள்ளைப் பெயின்ட் பூசிய ரெயிலுக்கு இந்த வழி கூடவே கூடாது.

லண்டன் போன்ற கடின நீர் ஊர்களில் துருவோடு சுண்ணாம்புக் கறையும் சேர்ந்துகொள்ளும். அதற்குச் சிட்ரிக் அமிலம் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, டிஷ்யூவில் நனைத்துச் சில நிமிடம் சுற்றிவைத்தால் கறை நுரைத்து இளகும். பிறகு நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள டாய்லெட் கிளீனரை மட்டும் இங்கே கொண்டுவரக் கூடாது. கறையோடு குரோமையும் தின்றுவிடும். பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரும்புக் கம்பி நாரும் வேண்டாம். அது உதிர்க்கும் துகள்களே மறுபடி துருப்பிடிக்கும்.

துடைத்த கம்பிக்குப் பலர் டபிள்யூடி-40 அடிக்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில் உருவான அந்தத் திரவம் ஈரத்தை விரட்டும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் துண்டில் ஒட்டும். கார் மெழுகே மேல். அதில் பெரும்பாலும் சேரும் கார்னுபா மெழுகு உருகுவதற்கே 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்; ரெயிலின் சூட்டில் எளிதில் உருகாது.

பெயின்ட் பூசிய ரெயிலுக்கு வழி வேறு: உப்புத்தாளால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி பூசி, மெட்டல் பிரைமர் அடித்து, மேலே ரேடியேட்டர் எனாமல்.

இவையெல்லாம் வெளித் துருவுக்குத்தான். வெல்டிங் ஓரத்தில் பழுப்பு நீர் கசிந்தால், குழாய் உள்ளிருந்தே அரித்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எந்தக் கிளீனரும் அங்கே பலிக்காது. காற்று வெளியேற்றும் வால்வைத் திறக்கும்போது வரும் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து, அடியில் காந்தத்தை நகர்த்திப் பார்க்கலாம். கருப்பு வண்டல் காந்தத்தின் பின்னே ஓடினால் அது மேக்னடைட், அதாவது உள்ளே கரைந்துகொண்டிருக்கும் எஃகு. வண்டலை அலசி வெளியேற்றி, இன்ஹிபிட்டர் எனப்படும் அரிப்புத் தடுப்பானைச் சேர்க்க ஹீட்டிங் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டியதுதான். கசியும் ரெயிலை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரெயிலாகக் கேட்டு வாங்குவது நல்லது.