கதவுக்குப் பின்னால் யார்?

பேய் இல்லை என்பதை அறிவோம். அறிந்திருந்தும், பேய்ப்படம் பார்க்கையில் மெய் சிலிர்க்கிறதே, ஏன்? "மேடையிலே பகுத்தறிவு, கொட்டகையிலே நடுக்கமா?" என்று கேலி பேசுவோர் உண்டு. அந்தக் கேலிக்கு விடை தேடினால், நமக்கும் அதில் ஒரு பாடம் கிடைக்கும்.

1963-ஆம் ஆண்டில் வெளிவந்த இரு படங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஆங்கிலத்தில் இராபர்ட் வைஸ் எடுத்த 'தி ஹாண்டிங்'. மற்றொன்று, தமிழில் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை'. இரண்டிலும் பழைய மாளிகை. இரண்டும் கறுப்பு வெள்ளை.

வைஸ் தம் படத்தில் பேயைக் காட்டவே இல்லை! தாழிட்ட அறையில் பெண்கள் இருவர். வெளியே, சுவரை இடிக்கும் ஓசை. அது நெருங்குகிறது, கதவருகே வந்து நிற்கிறது. பின்னொரு காட்சியில், கனத்த கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைக்கிறது. காது கேட்கிறது, கண்ணோ காணவில்லை. காணாததை மனம் தானே வரைந்துகொள்கிறது. தாமதம் கூடக் கூட, அச்சமும் கூடுகிறது. இது அறிவின் தோல்வியன்று. ஐயம் தீராதபோது உடல் தரும் எச்சரிக்கை. அந்தக் கதவோ, மரத்தகடுகளை ஒட்டிச் செய்தது. பின்னாலிருந்து அதைத் தள்ளியது ஆவியா? இல்லை! படப்பிடிப்புத் தொழிலாளி ஒருவர்.

ஸ்ரீதரும் இவ்வித்தை அறிந்தவரே. ஒளிப்பதிவாளர் வின்சென்ட், பாழடைந்த பங்களாவை விளக்கால் காட்டியதைவிட நிழலால் காட்டியதே மிகுதி. எங்கிருந்தோ வரும் பெண் குரல் கதாநாயகனை அழைக்க, நாமும் அவன் பின்னே நடக்கிறோம். அழகிய வேலைப்பாடு; மறுப்பதற்கில்லை.

ஆனால், அந்தப் பங்களாவின் கதைதான் என்ன? ஜமீன்தார் மகன் ஏழைப் பெண்ணைக் காதலித்தான். குலப்பெருமை காக்க, தந்தை அந்தக் காதலைக் கொலையில் முடித்தார். அச்சுறுத்த இது போதாதா? நம்பியார் ஏற்ற அந்த ஜமீன்தாரைவிடக் கொடிய பேய் உண்டா? படமோ, மறுபிறவியைக் கொண்டுவந்து காதலர்க்கு ஆறுதல் சொல்கிறது. இந்தப் பிறவியில் பறிபோன நீதிக்கு அடுத்த பிறவியில் பட்டுவாடாவாம்!

1966-இல் வந்த 'யார் நீ?' இந்தியில் வந்த 'வோ கௌன் தீ'யின் தமிழாக்கம். வெள்ளைச் சேலையில் ஒரு பெண் வந்து வந்து மறைகிறாள், டாக்டர் அஞ்சுகிறார். முடிவில், சொத்துக்காக மனிதர் செய்த சூழ்ச்சி என்று வெளிப்படுகிறது. கலையில் ஸ்ரீதரின் படமே மேல். ஆனால், கதவைத் திறந்து பார்க்கும் துணிவு 'யார் நீ?' படத்துக்கே இருந்தது.

திரையை விட்டுத் தெருவுக்கு வருவோம். எங்கள் புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் சில பூட்டிக் கிடக்கின்றன. அத்தகைய வீடு ஒன்றைக் கடக்க அஞ்சி, என் மாணவி ஒருத்தி சுற்றுவழியில் பள்ளிக்கு வந்தாள். உள்ளே முனகல் கேட்கிறதாம். பகலில் மாணவர்களை அழைத்துச் சென்றேன். கடற்காற்றில், கீல் கழன்ற சன்னல் பலகை முனகிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தோம்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. "வேலைக்காரப் பெண் ஒருத்தி அங்கே தூக்கிட்டு இறந்தாளாமே, ஐயா. அவள் ஏன் இறந்தாள்?" என்றாள்.

என்னிடம் விடை இல்லை. அவள் பேயாய் வந்த கதை தெருவுக்கே தெரியும். அவள் பெயர்கூட ஒருவருக்கும் தெரியவில்லை. இறந்தவளைப் பேயாக்கிவிட்டால், அவளை வாழவிடாதவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா?

பேய்ப்படம் பாருங்கள், தோழர்களே! நன்றாய் எடுத்திருந்தால் நடுங்குங்கள். அது கலைஞனுக்குச் சேரவேண்டிய கூலி. கொட்டகையை விட்டு வரும்போது மட்டும், அந்த மாணவியின் கேள்வியையும் உடன் எடுத்து வாருங்கள்.